வேண்டுமென்றே தெற்கே

ஐம்பதுகளில் பினாங்கிலிருந்து சென்னைக்குப் பறந்த விமானம் ஒன்றில் நான் ரேடியோ ஆபீசர். சென்னைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் கோவளத்துக்காரன், முன்கோபி. எங்கள் நேவிகேட்டர், அதாவது கடல்மேல் வழி கணிப்பவன், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். உறவொன்றும் இல்லை, பழக்கத்தில் எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான்.

அந்த ஐப்பசியில் என் தங்கையும் எங்கள் விமானத்தில் வந்தாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வருகிறாள். நடுக்கடலில் என் ரேடியோப் பெட்டியிலிருந்து கருகல் வாடை அடித்தது. கரையோடு பேச முடியவில்லை. கரையின் சிக்னலைப் பிடித்துத் திசை காட்டும் கருவியும் கூடவே படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன், ஊதினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஊஹூம். மேலே மேகம், கீழே மேகம். சூரியனைப் பார்த்துக் கணக்குப் போடவும் வழியில்லை. எதிர்காற்று வேறு பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது.

நேவிகேட்டர் காப்டனிடம் புதிய திசை ஒன்றைச் சொன்னான். அவன் மேப்பை எட்டிப் பார்த்தேன். கோடு சென்னையை விட்டுவிட்டு, தெற்கே பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போயிருந்தது.

"இன்னா மச்சான், ஊரு அங்க கீது, நீ இங்க இட்டுகினு போற?"

"தெரிஞ்சிதான் போறேன்."

"பெட்ரோல் இல்லாத நேரத்துல சுத்து வழியா? பின்னால என் தங்கச்சி குந்திகினு கீது."

"அதுக்கோசரம்தான்யா. நேரா சென்னைக்குக் குறி வச்சா, காத்து எந்தப் பக்கம் தள்ளிச்சுன்னு தெரியாது. கரையப் பாத்ததும் வடக்கால திரும்புவியா, தெக்கால திரும்புவியா? தப்பா திரும்பினா கடல்லதான் எறங்கணும். இப்போ காத்து எப்படித் தள்ளினாலும் ஊருக்குத் தெக்காலதான் இருப்போம். கரை வந்தா யோசனையே வேணாம், வடக்குதான்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. காப்டன் அவன் சொன்னதற்குத் தலையாட்டினார். நான் மறுபடியும் ரேடியோப் பெட்டியைப் பிரித்தேன்.

ஒருவழியாக, மேகத்துக்குக் கீழே இறங்கியபின், மழைக்குள் கரை தெரிந்தது. வெறும் மணல், சவுக்கு, பனை. அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அது எந்த இடம் என்று விளங்கவில்லை. சென்னைக்கு வடக்கே என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பேன். அவனோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வடக்கே என்றான். விமானம் வலப்பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் இடது இறக்கைக்குக் கீழே மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வந்தது.

அப்பாடா! என் ஆயுசில் அப்படியொரு மூளைக்காரனை நான் பார்த்ததில்லை. கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன், கையில் பென்சிலோடு அடுத்த கணக்கில் இருந்தான் பாவி.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் தங்கை முகமெல்லாம் சிரிப்பாக எங்களிடம் வந்தாள்.

"அண்ணே, நம்மூரு பக்கமாவே வந்துச்சே. பள்ளிவாசல்கூட தெரிஞ்சிச்சி. எனக்காவதானே சுத்திகினு வந்தீங்க?"

நேவிகேட்டர் முந்திக்கொண்டான்.

"ஆமா தங்கச்சி. உனக்கோசரம்தான்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு பேசியபடியே நடந்தான். அவன் அங்கேயே வைத்துவிட்டுப் போன மேப் பையை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.