தறி நின்றால் அப்பா

முதல் தடவை போன் வந்தபோது எதிர்வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். என் அக்கா, அவள் இடுப்பில் இன்னும் ஒரு வயது நிறையாத பெண்குழந்தை, அக்காவின் மாமியார், போனுக்குச் சொந்தக்காரரான வீட்டம்மா, பிறகு நான். இல்லாதவர் மாமா ஒருவர்தான். அக்காவின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்தார். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், கார்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைமேல் எங்கோ இருந்தவர், கீழே முகாமுக்கு இறங்கி வந்த ஒரு நாளில் வரிசையில் நின்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

"ஏனுங்க! கேக்குதுங்களா? நாந்தானுங்க!" என்று அக்கா கத்தினாள்.

சூலூரைத் தாண்டிய அந்த வீதியில் வீட்டுக்கு வீடு விசைத்தறிக் கொட்டகை. காலையில் சுவிட்சைப் போட்டால் தரையே அதிரும். அங்கே இருப்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். போனுக்கு உதடு ஏது? அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திப் பார்த்தாள். பிறகு குழந்தையின் வாயருகே ரிசீவரை வைத்து, "அப்பா சொல்லு கண்ணு, அப்பா" என்றாள். குழந்தை ரிசீவரைக் கடித்தது. லைன் போய்விட்டது.

"என்னம்மணி சொன்னான்?" என்று கேட்டார் மாமியார்.

"தறிச் சத்தந்தான் கேக்குதுன்னாருங்கத்தை. எனக்கும் அது மட்டுந்தான் கேட்டுது."

"பொறந்ததிலிருந்து அவங் கேட்ட சத்தம். அதக் கேக்கவா அத்தன தொலவிலிருந்து கூப்புட்டான்?"

அக்கா சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: "அவரு இவளப் பாத்தது ரெண்டு மாசக் குழந்தையில, தம்பி. இப்ப வாயத் தொறந்து 'ப்பா'ங்கறா. அத ஒருக்கா அவரு காதுல கேக்க வச்சுப்போடோணும். அப்பறம் நடக்கறது நடக்கட்டும்."

நடக்கறது என்று அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் எல்லார் வீட்டு டீவியிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அக்காவை எழுத்துக் கூட்டத் தெரிவதற்குள் நிறுத்தி, தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல்கட்டைதான் தார். அவள் சுற்றிய தாரில் நான் கோயமுத்தூரில் காலேஜ் படித்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. பரீட்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். பேப்பர் வாசித்துக் காட்டுவது என் வேலை.

"செத்தவிய பேரு போட்டிருந்தா அத மொதல்ல பாரு. அதுக்கப்பறந்தான் மத்தது என்ற காதுல ஏறும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தறி ஓடும்போது வாசித்துக் காட்ட முடியாது. பேப்பரைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் அறுந்த இழையை முடிந்துவிட்டு அடுத்த தறிக்குப் போவாள். நாலு தறி. நாலையும் ஒருத்தியாக ஓட்டினாள். உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். காலையில் சுவிட்சைப் போடும்போது முகத்தில் முழிக்க வேண்டும் என்று, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் மாமாவின் யூனிபார்ம் போட்டோவை மாட்டியிருந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும்தான். அப்போதும் கண் தறிமேல் இருக்கும்.

போன் வந்ததற்கு மறுநாள் அவள் கொட்டகை கொட்டகையாகக் கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். அடுத்த முறை போன் வந்தால் எதிர்வீட்டம்மா வாசலில் நின்று சிவப்புத் துண்டை வீசுவார்; அதைப் பார்த்ததும் எல்லாரும் கொஞ்ச நேரம் தறியை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. ஆனால் அது சின்னக் கோரிக்கை இல்லை. ஓடுகிற தறியைச் சட்டென்று நிறுத்தி மறுபடி ஓட்டினால் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். பட்டை என்பார்கள். நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் வியாபாரி, துணியை மடிக்கும்போது பட்டையைக் கண்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்.

மற்றவர்கள் சரி என்றார்கள். கீழ்க்கோடியில் பன்னிரண்டு தறி வைத்திருந்தவர் மட்டும் சண்டைக்கு வந்தார்.

"உன்ற புருசன் போன்ல பேசறதுக்கு என்ற தறி பன்னண்டையும் நிறுத்தோணுமா? நல்லாருக்குது அம்மணி நாயம்!"

"ரெண்டு நிமிசந்தானுங்க மாமா. பட்டை உழுந்தா, புடிக்கற காச நான் குடுத்தர்றனுங்க."

"குடுத்தர்றயாமா! பட்டாளத்துலிருந்து மூட்டையிலயா அனுப்பறான்?"

"அனுப்புனாலும் அனுப்பாட்டியும் குடுத்தர்றனுங்க. நீங்க நிறுத்தலீன்னாலும் ஒண்ணுமில்லீங்க. தெனமும் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் வாசல் கூட்டோணும், அவ்வளவுதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, உங்கக்கா படிக்கலீன்னாங்க? வக்கீலாட்டப் பேசுறா!" என்றார். நிறுத்துவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

இரண்டாம் முறை போன் வந்தது ஒரு மத்தியானம். எதிர்வீட்டம்மா துண்டோடு வாசலுக்கு ஓடி வந்தார். மேல்கோடியிலிருந்து சத்தம் கொட்டகை கொட்டகையாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், நாங்கள் நம்பவே இல்லை, பன்னிரண்டு தறியும் நின்றன. பட்டப்பகலில் அந்த வீதியில் காக்கை கத்துவதை நான் அன்றுதான் கேட்டேன்.

உடனே தொட்டிலில் இருந்து வீலென்று ஒரு அலறல்.

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிய குழந்தை. தறிச் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. கரண்ட் போனால் எழுந்துவிடுவாள் என்று தினமும் சொல்கிறவர்கள்தான் நாங்கள். தறியை நிறுத்த வீதி முழுக்கக் கெஞ்சித் திரிந்தபோது அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அக்கா அவளை வாரிக்கொண்டு ஓடினாள். "அழறாளுங்க... இருங்க... பொட்டாட்ட இரு கண்ணு, அப்பா கண்ணு, அப்பா பேசறாங்க..." அவள் எவ்வளவு கொஞ்சினாளோ அவ்வளவு அழுகை. ரிசீவரில் மாமா சிரிப்பது எனக்கே கேட்டது. "அழுகட்டும் புள்ள. நல்லாக் கேக்குது. அழுகட்டும்" என்றார். நலமா என்று கேட்டுக்கொள்வதற்குள் அவர் முறை முடிந்துவிட்டது.

தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்ததும், ஓட ஆரம்பித்த அந்த நொடியே, குழந்தை அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டது.

சாயங்காலம் பன்னிரண்டு தறிக்காரர் வாசலில் வந்து நின்றார். "பன்னண்டு தறிய நிறுத்தி, மலைமேல இருக்கறவனுக்கு அழுகையப் போட்டுக் காட்டுனயே அம்மணி! அதுக்குத் தறிச் சத்தமே தேவலையே!"

"அடுத்த தடவ அழுக மாட்டாளுங்க" என்றாள் அக்கா.

எப்படி என்று அவளுக்கும் அப்போது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த நாலு தறியையும் அணைத்தாள். குழந்தை முழித்து முகத்தைக் கோணுவதற்குள் தூக்கி, போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய், "அப்பா! அங்க பாரு, அப்பா!" என்று சிரித்தாள். குழந்தை அழுதது. மறுபடி தறியைப் போட்டாள். மத்தியானம் மறுபடி அணைத்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும். தன் நாலு தறி நின்றாலும் பக்கத்துக் கொட்டகைகளின் இரைச்சல் வருமே என்று, கதவை அடைத்து இடுக்கில் சாக்கைத் திணித்தாள். ஒவ்வொரு தடவையும் நாலு துணியிலும் ஒரு பட்டை விழுந்தது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "துணியெல்லாங் கோடு கோடா வருதே! கூலிக்கு நெய்யறமா, கோடு போட்டுக் குடுக்கறமா?"

"தறிய நிறுத்தாம எப்படிங்கத்தை பழக்கறது?"

"உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. அவங் கூப்புடுவானோ மாட்டானோ."

அந்தக் கடைசி வார்த்தை வாயைவிட்டு வந்ததும் மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேப்பரில் அந்த வாரம் வரிசையாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. நான் தலையாட்டும்வரை அவள் தறிக்குப் போகாமல் நின்ற நாட்கள் அவை. தலையாட்டியதும், ஒன்றுமே நடக்காததுபோலத் தார்க்கூடையை எடுத்துக்கொள்வாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். பயம் இல்லாமல் இல்லை. உட்கார்ந்து பயப்படுவதற்குத் தனக்கு நேரம் கொடுத்துக்கொள்ளவில்லை அவள்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே கரண்ட் போனது. அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கொட்டகையில் மாமியாரும் நானும். வீதியே அடங்கிவிட்டது. தொட்டில் அசைந்தது. மாமியார் எழுவதற்குள் குழந்தை சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டி, சுவிட்ச் பலகைப் பக்கம் தேடி, "ப்பா" என்றது.

மாமியார் அப்படியே நின்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடி என்ற சாமி" என்றார். அதற்குப் பிறகு அக்கா மறந்தாலும் அவரே போய்ச் சுவிட்சை அணைத்துவிடுவார்.

மூன்றாம் முறை சிவப்புத் துண்டு தெரிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. முதலில் நின்றது கீழ்க்கோடிப் பன்னிரண்டு தறி. பிறகுதான் மற்றவை. குழந்தை முழித்தது. "ப்பா" என்றது. அக்கா ஓடத் தொடங்கியவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். போன் இருக்கிற இடத்தில் போட்டோ கிடையாதே! ஆணியிலிருந்து போட்டோவை உருவினாள். இடுப்பில் குழந்தை, மறுகையில் சட்டம் போட்ட மாமா, தூறலில் வீதியைக் கடந்து ஓடினாள். பின்னாலேயே நானும்.

ரிசீவரை நான்தான் பிடித்தேன், அவளுக்குக் கை ஒழியவில்லை. "ஏனுங்க, நல்லாருக்கறீங்களா? ஒண்ணும் பேசாதீங்க. கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டோவைக் குழந்தையின் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். குழந்தை கண்ணாடியில் கையால் அடித்தது. "ப்பா" என்றது. பிறகு நிறுத்தவே இல்லை. "ப்பா. ப்பா. ப்பா."

"ஏனுங்க? லைன்ல இருக்கறீங்களா?"

மாமாவின் குரல் வந்தது. "இன்னொருக்கா சொல்லச் சொல்லு."

சொல்லச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர் முறை முடியும்வரை குழந்தை சொல்லிக்கொண்டே இருந்தது. போன் வைத்த பிறகும் வீதியில் யாரும் உடனே தறியைப் போடவில்லை. கொட்டகை வாசல்களில் நின்று எங்களையே பார்த்தார்கள். அக்காதான் தலையை ஆட்டி, முடிந்தது, போடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

சண்டை முடிந்து, கார்த்திகையில் மாமா லீவில் வந்தார். கொட்டகையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. குழந்தை அவரை விட்டுவிட்டு, சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்து "ப்பா" என்றது.

"நான் இங்கிருக்கறேன் சாமி" என்றார் மாமா. மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குள் வியாபாரியின் குடோனில் துணிகளை மடித்துப் பார்த்துவிட்டார்கள். பட்டை ஏன் என்று கேட்டதற்கு, கரண்ட் போய்விட்டது என்று வீதியில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். வியாபாரியின் கணக்குப்பிள்ளை, "அதே கரண்ட் லைன்ல என்ற தலைக்கு மேல பேன் சுத்திட்டுத்தானுங்க இருந்துது" என்று சிரித்துவிட்டுக் கூலியில் பிடித்துக்கொண்டார். அக்கா சொன்ன சொல்படி வீடு வீடாகப் போய், எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு தறிக்காரர் மட்டும், "என்ற துணியில ஏது பட்டை? போய்ச் சோலியப் பாரம்மணி" என்று வாங்க மறுத்துவிட்டார். அவருடையது போக, மற்றவர்களுக்கு அவள் கொடுத்தது, அவளுடைய நாலு தறிக் கூலியில் பிடித்தது, இரண்டும் சேர்த்து அறுநூற்று எழுபத்திரண்டு ரூபாய்.