கட்டி கரையக் கூடாது என்று ஜெபித்தவன்

விசுவாசக் குடும்பத்தாரே, கேட்கக் கூடாததைக் கடவுளிடம் கேட்டவன் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அப்போது என் இடது மார்பில், விலா எலும்பின்மேல், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டதும் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஜப்பான்காரன் முகம் சுளித்து என்னைத் தள்ளிவிட்டான்.

"உன் கட்டிக்கு மாலை போடணும்டா. எங்களுக்கு இப்படி ஒண்ணு முளைக்கலையே!" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர் கருப்பையா. நானும் சிரித்தேன். அன்று முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இது கரையக் கூடாது" என்று ஜெபித்தேன். என் மனைவி எஸ்தர் அரைத்துப் போட்ட பச்சிலைப் பற்றை அவளுக்குத் தெரியாமல் துடைத்தெறிந்தேன்.

கட்டி கரையவில்லை. மாதங்கள் போகப் போக மாதுளை அளவாயிற்று. படுத்தால் மூச்சடைத்தது. அதை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? ஏழு வாரம் ஜெபிக்காமலே கிடந்தேன். கடைசியில் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அன்னிக்கு அவருகிட்டத்தானே கேட்டீங்க? இன்னிக்கு வேற யாருகிட்ட போவப் போறீங்க? எந்திரிங்க."

மாட்டு வண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரஸர் ஒளிக்காமல் சொன்னார்: "வெட்டி எடுத்துரலாம் அண்ணே. ரெண்டு விலா எலும்பும் கூடவே போயிரும். அந்த ஓட்டையை எதை வச்சு மூடுறதுன்னுதான் டாக்டர் யோசிக்கிறாரு. மருந்தும் இல்ல."

டாக்டர் என் தொடையிலிருந்து கெட்டியான சவ்வை உரித்தெடுத்து ஓட்டையில் இழுத்துத் தைத்தார். முதுகுச் சதையைத் திருப்பி அதன்மேல் மூடினார். நினைவு வந்தபோது, மூச்சை இழுத்தால் அந்த இடம் குழிந்தது; விட்டால் உப்பியது. பிறகு காய்ச்சல். சீழ். ஐந்தாம் நாள், வெள்ளை வேட்டி ஒன்று கொண்டுவந்து வைத்துக்கொள்ளும்படி டிரஸர் எஸ்தரிடம் சொன்னார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. அவள் என் கல்யாண வேட்டியை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். "அன்றைக்குத் தப்பாகக் கேட்டேன். பொறுத்துக்கொள்ளும். இந்தத் தையல் பிடிக்கட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம். மூன்று நாள் இதையே முனகினேன். ஒன்றும் மாறவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆனாலும் முனகுவதை நிறுத்தவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. கட்டைப் பிரித்துப் பார்த்த டிரஸர் கூவினார்: "ஒட்டிக்கிச்சுலா அண்ணே! அண்ணி, அந்த வேட்டிய முதல்ல எடுத்துட்டுப் போங்க!"

இன்றும் மேடு ஏறினால் மூச்சு இளைக்கிறது. எலும்பில்லாத அந்த இடத்தில் கை வைத்தால் இதயம் உள்ளங்கையில் இடிக்கிறது. அங்கே கை வைத்துத்தான் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். எதைக் கேட்டாலும், "எனக்கு எது நல்லதென்று உமக்குத்தான் தெரியும்" என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

தப்பாகக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டு நிற்பவர்கள் உங்களிலும் இருக்கலாம். அந்த ஏழு வாரமும் ஒதுங்கிக் கிடந்தவன் நான்தான், அவர் ஒதுங்கவில்லை. இன்றைக்கே போய்க் கேளுங்கள்.