கருங்கல்லில் ஒரு பிள்ளையார் சுழி

வீட்டிலேயே ஒரு ரெக்கார்டு பிளேயர் செய்துகொண்டிருக்கிறேன். மோட்டார் தனியே நிற்கும், ஒரு ரப்பர் பெல்ட், இசைத்தட்டு வைக்கும் தட்டைச் சுற்றவைக்கும். மோட்டாரின் அதிர்வு ஊசிக்குப் போகாமலிருக்க அடியில் கனமான கல் வேண்டும்.

சொல்லிவைத்திருந்த அந்தக் கல்லை வாங்கத்தான் இன்று காலை பாளையங்கோட்டைக்குப் போனேன். கல் கடை அண்ணாச்சி வீட்டுப் பெயர்ப் பலகையும் கோயில் உபயக் கல்லும் வெட்டுகிறவர். நான் வரைந்து கொடுத்த இடத்தில் துளைகள் கச்சிதமாக இருந்தன. கூடவே, முன்பக்கம் நட்டநடுவில் ஒரு பிள்ளையார் சுழி.

“இது நான் சொல்லலையே அண்ணாச்சி.”

“இதெல்லாம் சொல்லணுமா தம்பி? நம்ம கடைக் கல்லு சும்மா போகக்கூடாதுல்லா.”

அழிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில், அப்படியே கல்லை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் எல்லாம் பூட்டி, பெல்ட்டை மாட்டி ஓடவிட்டேன். கல்லில் உள்ளங்கையை வைத்தால் மோட்டார் ஓடுவதே தெரியவில்லை. சந்தோஷத்தில் ஒரு ராக் இசைத்தட்டை எடுத்து வந்தேன். அதற்குள் மனைவி சுழிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

“மொதப் பாட்டு பிள்ளையார் பாட்டாத்தான் இருக்கணும். ஒங்க இங்கிலீஷ் கத்தலைப் பொறவு கேளுங்க.”

என்னிடம் இருப்பது முழுக்க அந்தக் கத்தல்தான். செல்போனில் பிள்ளையார் பாட்டு போடட்டுமா என்றேன்.

“அப்போ இந்தக் கல்லு எதுக்கு?”

திருநெல்வேலிப் பக்கம் யாரிடமாவது பிள்ளையார் பாட்டு இசைத்தட்டு இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள். தட்டு சத்தமே இல்லாமல் அருமையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, மேலே ஒன்றும் இல்லாமல்.