நாள் சொல்லாத 'அதுக்கென்னுங்க'

எங்கள் கல்லூரி இணையதளத்தில் எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நீலத் திரைக்கு முன்னால் எடுத்த படம். யாரோ கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, உடனே சிரி என்று சொன்ன மாதிரி அதில் இருப்பேன். படத்துக்குக் கீழே கல்வித்தகுதி, எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. அதற்கும் கீழே 'ஆய்வு ஆர்வம்' என்று ஒரு வரி: கொங்குத் தமிழில் மறுப்புச் சொல்லும் முறைகள். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கட்டடத்துக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு எரிகிறது.

அந்தப் பக்கங்களை மாணவர்கள் யாரும் பார்ப்பதில்லை. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும், ஒரே வாரத்தில் எல்லாரும் எழுதிக் கொடுங்கள் என்று முதல்வர் விரட்டியதில் பிறந்தவை அவை. வேதியியல்காரர் ஒருவர் வேறெங்கோ இருந்து அப்படியே எடுத்து ஒட்டியதில், அந்த இன்னொரு கல்லூரியின் பெயரும் சேர்ந்து வந்துவிட்டது. ரொம்ப நாள் அது அப்படியே கிடந்தது. வணிகவியல் தோழி என்னிடம் வந்து, "ஏனுங் மேடம், ஆர்வம்னா நமக்குப் புடிச்சதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டு, 'ரோஜாச் செடி வளர்ப்பு' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் அத்தனை பேரிலும் உண்மையை எழுதியது அவர் ஒருவர்தான் என்று எனக்கு இப்போதும் எண்ணம்.

நான் எழுதியதும் உண்மைதான். ஆனால் ஒரு காலத்து உண்மை. இங்கே வந்த பிறகு ஆய்வாவது ஒன்றாவது! முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடம், பேருந்தில் பிள்ளைகள் ஒழுங்காக ஏறுகிறார்களா என்று பார்க்கும் வேலை, கோடை வந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று ஆள் பிடிக்கும் வேலை. நான் ஊர் ஊராக அலைந்து பதிவு செய்த பேச்சுகள் எல்லாம் வீட்டு அலமாரியில், புடவைகளுக்குக் கீழே கிடக்கின்றன.

அந்த ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதை கெட்டுவிடும். பிறகு எப்படித்தான் மறுக்கிறார்கள்? மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டியில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விவசாயி மண்டிக்காரரிடம், "நம்ம தோட்டத்துக்கு வண்டி அனுப்பறீங்களா?" என்று கேட்டார். "அதுக்கென்னுங்க, அனுப்பிப்போடலாமுங்க" என்றார் மண்டிக்காரர். கேட்டவர் அப்படியே அடுத்த மண்டிக்கு நடையைக் கட்டினார். அங்கேயும் அதே கேள்வி. "அதுக்கென்னுங்க, காத்தால வண்டி வந்துருமுங்க" என்று பதில் வந்தது. உடனே விவசாயி பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார்.

எனக்கு அன்றைக்குப் பொறி தட்டியது. 'அதுக்கென்னுங்க' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நாளோ பொழுதோ வந்தால் 'சரி' என்று பொருள். ஒன்றும் வராவிட்டால் 'இல்லை'. உக்கடத்துப் பக்கம் ஜவுளிக்கடை பாய்மார்களிடம் போய்க் கேட்டேன், போத்தனூரில் கல்யாணப் பேச்சு நடந்த வீடுகளில் போய்க் கேட்டேன். எங்கேயும் இந்த விதி பிசகவில்லை. அதைத்தான் ஆய்வேடாக எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து வந்த பேராசிரியர், "ஏம்மா, பட்டுன்னு முடியாதுன்னு சொன்ன ஆளு ஒருத்தர்கூடவா உங்க ஊர்ல கிடைக்கலை?" என்று கேட்டார். "ஒரு சான்றுகூடக் கிடைக்கலீங்க ஐயா" என்றேன். கூட்டமே சிரித்தது. பட்டமும் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டத்தின் அசல் சான்றிதழை நான் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன.

வேலையில் சேர்ந்த அன்று கல்லூரியின் தாளாளர் என்னை எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் அறைக்குள் வந்தால் உட்கார்ந்தபடி பேச மாட்டார். அம்மணி என்றுதான் கூப்பிடுவார். "அசல் சர்ட்டிபிகேட்டெல்லாம் இங்கயே இருக்கட்டுமுங்க. பீரோவுல பத்திரமா இருக்கும். ஊட்டுல வெச்சா மழைக்கு நனையும், கரையான் அரிச்சுப்போடும்" என்றார். அவ்வளவு பதமாகக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? "சரிங்க ஐயா" என்று நீட்டிவிட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொடங்கி முனைவர் பட்டம் வரை எல்லாம் போயிற்று. எனக்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களுடையதும் அதே இரும்பு பீரோவில்தான் இருக்கிறது. எங்கள் படிப்பெல்லாம் ஊருக்கே தெரிய இணையதளத்தில் மின்னுகிறது. நிஜமான படிப்பு தாளாளர் அறையில் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவர் இடுப்பில்.

அரசுக் கல்லூரி வேலைக்கான அழைப்பு எப்போதாவதுதான் வரும். வந்தது. எழுதினேன், தேறினேன். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு, அசலோடு நேரில் வர வேண்டும். அசல் இல்லாவிட்டால் தேறியது வீண். அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். இனி பேருந்து வாசலில் நிற்க வேண்டாம், ஆள் பிடிக்க அலைய வேண்டாம். புடவைக்கு அடியில் கிடக்கும் குரல்களை வெளியே எடுக்கலாம்.

மறுநாளே தாளாளரைப் போய்ப் பார்த்தேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "ஐயா, ஒரு சின்ன விசயமுங்க. சர்ட்டிபிகேட்டு கொஞ்சம் தேவைப்படுதுங்க. உங்களுக்குத் தோதுப்பட்டாப் போதுமுங்க." என் பொருளை நான் கேட்பதற்கு இத்தனை குழைவு! கேட்கும்போதே எனக்கு என் மேல் கோபம் வந்தது. ஆனால் எங்கள் வாய்க்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"அதுக்கென்னுங்க அம்மணி, பாத்துக்கலாமுங்க. பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?" என்றார்.

நாள் சொல்லவில்லை. "நல்லாப் படிக்குதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அவர் வரவழைத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டார். "என்ன சொன்னாரு?"

"அதுக்கென்னுங்கன்னாருங்க."

"அப்புறமென்ன? குடுத்துருவாரு."

"நாள் சொல்லலீங்க."

அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உன்ற ஆராய்ச்சிய ஊட்டுக்குள்ள கொண்டுவராத. மனுசன் மறந்துபோட்டிருப்பாரு. இன்னொருக்காக் கேளு."

கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது தாளாளர் யோசிக்கக்கூட இல்லை. "அதுக்கென்னுங்க, வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்குங்க" என்றார். வெள்ளிக்கிழமை! நாள் சொல்லிவிட்டார்! படிக்கட்டில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைக்கு வந்து எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றேன். என் துறைத்தலைவர் மட்டும் வாயில் போட்டுக்கொண்டே, "எங்கியோ கெளம்பறாப்புல இருக்குது" என்றார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை தாளாளர் அறை பூட்டியிருந்தது. "ஐயா அவிநாசியில ஒரு விசேசத்துக்குப் போயிருக்காருங்க. சாவி அவரு கையிலதான் இருக்குதுங்க" என்றார் அலுவலகத்து அம்மா. சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை அவர் வந்தார். "அடடா, மறந்தே போயிட்டனுங்க அம்மணி. புதங்கெழம" என்றார். புதனும் போயிற்று. நாள் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் இல்லை என்று நான் பாடுபட்டு எழுதிய விதி, என் கண் முன்னாலேயே காலை வாரிவிட்டது. மண்டியில், ஜவுளிக்கடையில், கல்யாண வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. என் விஷயத்தில் மட்டும் அது என்ன கோளாறு என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். மெதுவாகத்தான் உறைத்தது. அங்கெல்லாம் கேட்டவருக்குப் போக இன்னொரு கடை இருந்தது. எனக்கு எந்தக் கடை இருக்கிறது?

சரிபார்ப்புக்கு முந்தைய நாள் காலையில் தாளாளர் அறைக்குள் போனேன். வழக்கம்போல எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை.

"என் சர்ட்டிபிகேட் எனக்கு இப்பவே வேணும்."

'ங்க' இல்லை. 'ஐயா' இல்லை. 'தோதுப்பட்டா' இல்லை. என் காதுக்கே அது வேறு ஊர்க்காரி பேசியது போல இருந்தது. பக்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு மெல்ல வெளியே போனார். தாளாளரின் முகத்தில் கோபம் இல்லை. நான் ஏதோ அவர் வீட்டுக் கூடத்தில் செருப்போடு வந்துவிட்டது போலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"குடுக்க முடியாது" என்றார். "கமிட்டி வருது. தமிழ்ல முனைவர் பட்டம் வாங்குனது இங்க நீங்க ஒருத்தர்தான். நம்ம வெப்சைட்டுல உங்க பேரு, உங்க ஆராய்ச்சி எல்லாம் போட்டிருக்குது. நீங்க போயிட்டா அந்த எடத்துல யார நான் காட்டறது?"

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவேண்டிய இடத்தில் முதலில் என்ன வந்தது தெரியுமா? மதுரைப் பேராசிரியரின் முகம். ஐயா, கிடைத்துவிட்டது, ஒரு சான்று கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றியது. பாழாய்ப்போன படிப்பு! அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அடுத்த நாள் நகல்களை எடுத்துக்கொண்டு சரிபார்ப்புக்குப் போகத்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "அசல் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை, நேராகச் சொல்லிவிட்டார். அது ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. ஊர் திரும்பும் பேருந்தில் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற ஆராய்ச்சி சரிதானாட்ட இருக்குது. நான்தான் சிரிச்சுப்போட்டேன்" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குழு வந்தது. கல்லூரி வாசலில் வாழை மரம், எங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் புடவை. குழுவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஒவ்வொருவர் பக்கத்தையும் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் பக்கம் வந்ததும் நிறுத்தி, ஆய்வைப் பற்றி என்னிடம் விசாரித்தார். தாளாளர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பூரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நல்ல தலைப்பு. நீங்க சொல்றபடி பாத்தா, உங்க ஊர்ல ஒருத்தர்கூட நேரடியா முடியாதுன்னு சொல்ல மாட்டாகளோ?"

அதே கேள்வி! தாளாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு சான்று இருக்குதுங்க சார். ஆய்வேடு முடிஞ்ச பொறகு கெடைச்சது."

"அப்படியா! பேசினவர் யாரு?"

ஆய்வில் தகவல் தந்தவர்களின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. விவரம் மட்டும்தான் சொல்வோம். "ஆண். அறுபதைத் தாண்டினவர். நல்லாப் படிச்சவர், மரியாதையானவர். கல்வி நிறுவனம் நடத்தறாருங்க."

முதல்வர் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுக்காரர் எதையோ எழுதிக்கொண்டு, "அருமை, அருமை. கள ஆய்வை விட்டு வந்த பிறகும் கவனிக்கிறதை விடலையே. இப்படி ஒரு ஆய்வாளர் இருக்கிறது உங்க கல்லூரிக்குப் பெருமை" என்று தாளாளர் பக்கம் திரும்பிச் சொன்னார். தாளாளர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. அறிக்கையில் என் ஆய்வைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்களாம். அடுத்த வாரம் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். எழுந்து நின்றார், உட்காரச் சொன்னார், டீ வந்தது. "என்னையும் ஆராய்ச்சியில சேத்துப்போட்டீங்களே அம்மணி" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். மனதார ரசித்துத்தான் சிரித்தார். மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாராம். 'கொங்கு வட்டார வழக்கு ஆய்வு மையம்' என்று பலகைக்குச் சொல்லியாகிவிட்டதாம். இயக்குநர் நான். இணையதளத்தில் என் பக்கத்தை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"சந்தோசமுங்க ஐயா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். "என்ற சர்ட்டிபிகேட்டு மட்டும் ஒருக்கா வேணுமுங்க ஐயா."

அவர் பீரோவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கென்னுங்க அம்மணி" என்றார். நான் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நாள் எதுவும் சொல்லவில்லை.