அணைந்த திரைக்கு முன்னால் சிரித்த மகன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று பெண்களையும் ஒரு மகனையும் வளர்த்து, நாலு பேரையும் படிக்க வைத்தவள் நான். மகன் சேகருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் சொந்தச் சம்பளத்தில் கம்ப்யூட்டர் வாங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளிச் சந்தையில் தக்காளி போட்டுவிட்டுத் திரும்பினேன். காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரை அணைந்து கறுப்பாகக் கிடந்தது. அவனோ சிரித்தான், கண்ணைத் துடைத்தான், "அவன நம்பாத, பாவி!" என்று கத்தினான். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, மாரியம்மன் திருநீற்றை அள்ளி வந்து நெற்றியில் அப்பினேன். அவன் துள்ளி எழுந்ததில் ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. அறை முழுக்க மாமியார் மருமகள் சண்டை!

"டி.வி. நாடகம் பாக்கறம்மா. எங்க அமுக்கணும்னு கம்ப்யூட்டரே காதுல படிச்சுச் சொல்லுது."

"திரை அணைஞ்சு கெடக்குதே, சாமி?"

"எனக்கு எதுக்கும்மா வெளிச்சம்? கரண்டாவது மிச்சமாவட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் அவன் தோளைத் தொட்டு, என்னவென்று கேட்ட பிறகுதான் பயப்படுகிறேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தால் திரையைப் போடுகிறான். நாடகத்தில் யாரும் பேசாமல் முறைத்துக்கொண்டால், யார் யாரை முறைக்கிறார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதினேன். லீவுக்கு வந்திருக்கும் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன். "படிச்சுக் காட்டு கண்ணு. சத்தமா படி, உங்க மாமன் காதுலயும் வுழட்டும்."