சித்தப்பா ஒட்டிய ஜிகினா

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு நான் எடுத்துக்கொண்டது, சக்கரவாளம் என்கிற நம் பழைய கணக்கு முறை. செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே கற்றது.

ஒரு முழு எண்ணின் வர்க்கத்தைப் பதின்மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், இன்னொரு முழு எண்ணின் வர்க்கம் வர வேண்டும். எவை அந்த இரண்டு எண்கள்? முதலில் ஒன்று, நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வர்க்கத்தைப் பதின்மூன்றால் பெருக்கினால் பதின்மூன்று, நான்கின் வர்க்கமோ பதினாறு! ஒன்று அதிகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று அதிகம். தப்புதான். ஆனால் அந்தத் தப்பைத் தூக்கிப் போடக் கூடாது. அந்த மூன்றுதான் அடுத்த சுற்றுக்கு வகுக்கும் எண். நான்கோடு கூட்டினால் மூன்றால் வகுபடும் எண்களில், வர்க்கம் பதின்மூன்றை நெருங்குவது இரண்டு. நான்கும் இரண்டும் ஆறு, மூன்றால் வகுத்தால் இரண்டு. நான்கை இரண்டால் பெருக்கி, பதின்மூன்றைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் ஏழு. இரண்டு, ஏழு என்ற இந்த ஜோடியில் ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்பதுதான், மூன்று குறைகிறது. இன்னொரு சுற்று சுற்றினால் ஐந்து, பதினெட்டு. முந்நூற்றிருபத்தைந்து, முந்நூற்றிருபத்துநான்கு, ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த இரண்டு பெரிய எண்களையும் கூட்டினால் அறுநூற்று நாற்பத்தொன்பது. ஐந்தையும் பதினெட்டையும் பெருக்கி இரட்டித்தால் நூற்றெண்பது. நூற்றெண்பது, அறுநூற்று நாற்பத்தொன்பது, அந்த ஜோடிதான் விடை!

சித்தப்பாவுக்குக் கையெழுத்து அழகு. சார்ட்டை அவரிடம் எழுதக் கொடுத்தது அம்மா. காலையில் விழிதியூரிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சுருட்டியபடியே எடுத்துப்போய்க் காரைக்காலில் பள்ளியில் விரித்தால், மேலே கேள்வி, கீழே விடை, நடுவில் பளபளவென்று பச்சை ஜிகினாத் தாள். என் சுற்றுகள் அத்தனையும் அதற்கடியில் சமாதி. பிய்த்துப் பார்த்தேன், எழுத்தும் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சுரண்டினேன்.

"கால்குலேட்டர்ல போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, மதிப்பெண் போட வந்த ஆசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "யாரக் கேட்டு ஒட்டுனீங்க சித்தப்பா? என் கணக்கே அதுதானே!"

"எல்லாம் தப்பு விடையால்ல இருந்துச்சு பாப்பா. நாலு பேரு பாக்குற எடத்துல தப்பையா காட்டுவாங்க?"

"நல்லதுக்குத்தானேடி செஞ்சாரு" என்றாள் அம்மா. அதைக் கேட்டு இன்னும் எரிந்தது. வெகுநாள் சித்தப்பா முகத்தையே நான் பார்க்கவில்லை.

கல்லூரியில் அவருக்குக் கணக்கில் அரியர் இருந்த விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போட வைத்தது தாத்தா. மறுபடி பரீட்சை எழுதப் போனால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும், மானம் போய்விடும் என்று தடுத்ததும் அவரேதான். வீடே அதற்குத் தலையாட்டியது. சித்தப்பா கடைசிவரை எழுதவே இல்லை.

ஒரே ஒரு பேப்பர்தான் குறை. அன்றைக்கே தெரிந்திருந்தால் வீட்டில் அத்தனை பேரிடமும் கத்தியிருப்பேன்.