பெயர் எழுதாத பாதங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்புத் தாள் இருக்கிறது. அதில் பென்சிலால் வரைந்த என் வலது பாதம். குதிகாலுக்குக் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சிறு கோடுகள். வரைந்தவர் எங்கள் செருப்பு மேஸ்திரி.

பள்ளிகொண்டாவுக்கு அருகே, அரசு மானியத்தில் நடக்கும் தொழுநோய் இல்லம் எங்களுடையது. நான் அங்கே பரிசோதனைக்கூட டெக்னீஷியன். மேஸ்திரி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருடம் தோல் வெட்டியவர். முள் குத்தினாலும் உணராத பாதங்களுக்கு, மெத்தென்ற ரப்பர் அடி வைத்துத் தனித்தனியாகச் செருப்பு செய்வார். தாளைத் தரையில் விரித்து, பாதத்தை இடது கையால் ஏந்தி வைத்து, வலது கையால் சுற்றி வரைவார். அந்தக் கால்களை அதற்குமுன் வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

வாரம் ஒருநாள் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜீப்பில் போவோம். அங்கே மருந்து வாங்குகிறவர்களின் பெயரை எழுதுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஊருக்குத் தெரிந்தால் அவர்களால் கிணற்றடியில்கூட நிற்க முடியாது. மேஸ்திரியும் தாளில் தேதியும் ஊரும் குறித்து, பெயருக்குப் பதில் ஒரு படம் போடுவார்: பால் செம்பு, வண்டிச் சக்கரம், கிளி. பதிவேட்டை எழுதியவள் நான். பெயரில்லாதவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஊரிலேயே மருந்து கிடைத்ததும் இல்லத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், பதிவேடும் மெலிந்தது. நோயாளிகளே குறைந்துவிட்டதாக எண்ணி மானியத்தைக் குறைத்தார்கள். கட்டுப் போடும் அக்காவுக்கும் சமையல்காரருக்கும் டிரைவருக்கும் எங்களுக்கும் சம்பளத்தில் கால்பங்கு போயிற்று.

சில மாதம் பொறுத்த மேஸ்திரி ஒருநாள் சொன்னார். "பழைய கம்பெனில கூப்டறாங்கம்மா. வூட்ல ஒரே பேஜாரு. இதே கம்மி சம்பளம்தான்னா அடுத்த மாசம் ஆம்பூருக்கே போய்ட்றேன்." அவர் போனால் அந்தப் பாதங்கள் மறுபடி வெறுங்காலாகும்.

காரணம் என் பதிவேடு என்று அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் கம்பியில் குத்தியிருந்த தாள்களை இறக்கி, தேதிவாரியாக, ஊர்வாரியாகப் பட்டியல் போட்டேன். "இந்தம்மா அரிசில கல்லு பொறுக்கினாலும் நம்பர் போட்டுத்தான் பொறுக்குவாங்க" என்று மேஸ்திரி கட்டுப் போடும் அக்காவிடம் கிண்டலடித்தார். எல்லாரும் கையெழுத்திட்டு மனு அனுப்பினோம்.

வேலூரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். தாள்களைப் புரட்டினார். "ஒண்ணுலயும் பேரே இல்லையே. நீங்களே உக்காந்து வரைஞ்சிருக்கலாமே?"

மேஸ்திரி அத்தனை தாளையும் தரையில் பரப்பினார். "இன்னா சார், நல்லா பாருங்க. ஒரு காலு மாதிரி இன்னொரு காலு இருக்குதா? வெரலு போனது இத்தன விதமா எனக்கு வரையத் தெரியுமா?"

அதிகாரி குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு பால் செம்புத் தாளை எடுத்து, "இவங்கள பாக்கலாமா?" என்றார். அன்று ஜீப் போகும் நாள். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் அந்த அம்மாள் காத்திருந்தாள். "உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்மா" என்றார் மேஸ்திரி. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தாளில் ஏறி நின்றாள். கோடு இம்மியும் பிசகவில்லை. "என் காலப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று அவள் சிரிக்க, அதிகாரியும் சிரித்துவிட்டார்.

மானியம் திரும்ப வந்தது. வெட்டிய சம்பளம் பாக்கியோடு கைக்கு வந்த அன்று சமையல்காரர் கேசரி கிண்டினார். மேஸ்திரி ஆம்பூருக்கு 'வரல' என்று சொல்லியனுப்பிவிட்டு, என்னைப் பட்டறையில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார். பென்சில் பட்டதும் எனக்குக் கூசியது. கூச்சமறியாத பாதங்களையே பிடித்துப் பழகியவர், "ஆடாதீங்கம்மா, அளவு ஜாஸ்தியாயிடும்" என்று அதட்டினார்.

இப்போது பதிவேட்டில் கிராமங்களுக்கென்று தனிக் கட்டம் உண்டு. அதில் படங்கள் மட்டும்தான். புதிதாகச் சேர்ந்த பெண் முழுச் சம்பளத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைக்கிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. நேற்று என் இழுப்பறையில் பேனா தேடியவள் அந்தத் தாளை எடுத்தாள்.

"அக்கா, யாரு காலு இது? பேரக் காணோம், அஞ்சு கோடுதான் இருக்குது."

பக்கத்துப் பட்டறையில் மேஸ்திரியின் சுத்தியல் நின்றது.

"அது கோடு இல்லம்மா," என்று அங்கிருந்தே குரல் வந்தது. "பட்டியலு."